மாற்றிப் போட்டதால்தான் வாழ்கிறது

நடுவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் ரசிகப் பெருமக்களே, எதிரணி நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

பாடியே நடிக்கும் இசை நாடகமான ஓப்பராவும் ஆடியே கதை சொல்லும் பாலேயும் இன்றைக்கும் உயிரோடு இருப்பது மரபை அப்படியே காப்பதாலா, மேடையை மாற்றிப் போடுவதாலா என்பது தலைப்பு. மாற்றிப் போடுவதால்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன். இந்த அணியில் உட்காரவைத்தார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. பார்த்தும் கேட்டும் மனதில் ஊறிப்போன கருத்து இது.

எதிரணித் தலைவர் ஒரு கேள்வியை வீசிவிட்டுப் போயிருக்கிறார். "இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியைக் கேட்கப் போனால் மேடையில் கோட்டு சூட்டும் துப்பாக்கியும் நிற்கின்றன. கார்மென் ஓப்பரா பார்க்கப் போனால் கதை நடக்கும் ஸ்பெயினின் செவில் நகரத்தைக் காணோம், லாரி நிற்கிறது. எழுதியவர் எழுதியபடி காட்டுங்கள் என்று கேட்பது குற்றமா?" குற்றமே இல்லை ஐயா. ஆனால் எழுதியபடி என்றால் எதன்படி? அதைக் கொஞ்சம் தோண்டிப் பார்ப்போம்.

முதலில் ஸ்வான் லேக் என்ற பாலே. பாலே என்றதுமே வெள்ளை உடையில் வரிசையாக வரும் அன்னங்கள்தான் கண்ணுக்குள் வந்து நிற்கும். இதுதான் மூலம் என்கிறீர்கள். 1877-ல் மாஸ்கோவின் போல்ஷாய் அரங்கில் இது முதன்முதலாக மேடையேறியபோது நடனம் அமைத்தவர் ரைசிங்கர். அந்த நடனம் பெரிதாக எடுபடவில்லை, இன்று அதை யாரும் ஆடுவதும் இல்லை. நாம் மூலம் என்று கும்பிடுவது, 1895-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பெட்டிபாவும் இவானோவும் புதிதாக அமைத்தது. இசையமைத்த சைக்கோவ்ஸ்கி 1893-லேயே காலமாகிவிட்டார். அவருடைய இசையை டிரிகோ என்பவர் வெட்டினார், இடம் மாற்றினார், சைக்கோவ்ஸ்கி பியானோவுக்கு எழுதிய சில துண்டுகளை ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றி நடுவில் சேர்த்தார். நீங்கள் காக்கச் சொல்லும் மரபே ஒரு மாற்றம்தான், நடுவர் அவர்களே!

அதற்குச் சரியாக நூறு வருடம் கழித்து, 1995-ல், லண்டன் சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் நடன அமைப்பாளர் மாத்யூ போர்ன் அன்னங்களை ஆண்களாக்கினார். வெற்று மார்பு, முழங்கால் வரை இறகு போலத் தொங்கும் கால்சட்டை, நெற்றியில் கருப்புக் கோடு. சீறுகிறார்கள், கூட்டமாக வந்து மேலே பாய்கிறார்கள். நிஜ அன்னத்தின் பக்கத்தில் போனவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு முரட்டுப் பறவை என்று. சைக்கோவ்ஸ்கியின் டிரம்பெட்டுகளில் இருக்கும் அந்த ஆவேசத்துக்குப் பொருத்தமான உடல்களை அங்கேதான் பார்த்தேன். அப்புறம் அதை யாராலும் ஒதுக்க முடியவில்லை. முப்பதாம் ஆண்டில் மறுபடியும் ஊர் ஊராகச் சுற்றி வந்தது.

கார்மென் என்றீர்கள். 1875-ல் பாரிஸில் இசையமைப்பாளர் பிசே கொடுத்தது, பாட்டுக்கு நடுவே பேச்சு வசனம் வரும் கார்மென். மூன்று மாதத்தில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அதே வருடம் வியன்னாவுக்குப் போனபோது, அவருடைய நண்பர் கீரோ பேச்சை எல்லாம் இசையோடு பாடும் வசனமாக மாற்றி எழுதினார். பல பத்தாண்டுகள் உலகம் மூலக் கார்மென் என்று தலையில் வைத்துக் கொண்டாடியது அந்தக் கார்மெனைத்தான்.

வெர்டிக்கு வருகிறேன். லா டிராவியாட்டா, 1853, வெனிஸ். இது என் காலத்துக் கதை, என் காலத்து உடையில் போடுங்கள் என்று கேட்டவர் வெர்டியே! அதிகாரிகள் ஒத்துக்கொள்ளவில்லை. கதையைச் சுமார் 1700-க்குத் தள்ளிவிட்டார்கள். நாயகி வயலெட்டா பணக்காரர்களின் ஆசைநாயகி; ஊரே தெரிந்தும் தெரியாததுபோல் நடிக்கிற அந்தப் பெண்ணின் கதையைச் சமகால உடையில் பார்க்கச் சபை பயந்தது. இப்போது சொல்லுங்கள், வயலெட்டாவை இன்றைய உடையில் நிறுத்தும் இயக்குநர் வெர்டிக்குத் துரோகம் செய்கிறாரா, அன்று மறுக்கப்பட்டதைத் திருப்பிக் கொடுக்கிறாரா? 2005-ல் சால்ஸ்பர்க் விழாவில் இயக்குநர் வில்லி டெக்கர் மேடையையே காலி செய்துவிட்டார். வளைந்த வெள்ளைச் சுவர், ஒரு பெரிய கடிகாரம், சிவப்பு உடையில் வயலெட்டாவாக அன்னா நெட்ரெப்கோ. அவ்வளவுதான். நேரம் தீர்ந்துகொண்டிருக்கிறது என்பதை எந்தச் சரவிளக்கும் அந்தக் கடிகாரத்தைப் போலச் சொன்னதில்லை.

மரபைக் காப்பாற்றுகிறேன் என்று இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு, ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் தன் ஓப்பராக்களுக்காகவே கட்டிய பைராய்ட் அரங்கே சாட்சி. அவருடைய பார்சிஃபால் ஓப்பரா 1882-ல் அங்கே அரங்கேறியது. வாக்னர் பார்த்த அதே காட்சியமைப்பை ஐம்பது வருடத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். கடைசியில் அதை மாற்றப்போகிறார்கள் என்றதும், குருநாதரின் கண் பட்ட திரைச்சீலையை மாற்றலாமா என்று கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தார்கள். ஆனால் அந்த வாக்னர் என்ன எழுதினார் தெரியுமா? 1852-ல் இசையமைப்பாளர் நண்பர் லிஸ்டுக்கு எழுதிய கடிதத்தில், "பிள்ளைகளே, புதிதாகச் செய்யுங்கள்! புதிது, புதிது, மறுபடியும் புதிது!" என்கிறார். அவர் சொன்னதைக் கேட்டது பேரன் வீலாண்ட்தான். 1951-ல் மேடையைத் துடைத்துவிட்டு, வட்டமான தளமும் வெளிச்சமும் மட்டும் போதும் என்றார்.

1976-ல் அதே பைராய்ட்டில், வாக்னரின் நான்கு ஓப்பராக்கள் சேர்ந்த ரிங் தொடரின் நூற்றாண்டு விழா. இயக்கியவர் பாட்ரிஸ் ஷெரோ, இசை நடத்தியவர் பூலேஸ், இரண்டு பேருமே பிரெஞ்சுக்காரர்கள். கதை தொடங்கும் ரைன் நதியை எதிர்பார்த்து உட்கார்ந்தவர்களுக்கு முன்னால் நீர்மின் அணை ஒன்று எழுந்து நின்றது. அரங்குக்குள் விசில், கூச்சல், வெளியே துண்டுப் பிரசுரம். ஆனால் அதே தயாரிப்பு 1980-ல் கடைசியாக நடந்தபோது, ஒரு மணி நேரத்துக்கு மேல் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான்கு வருடம் பழகியதால் வந்த கைதட்டல் என்று எதிரணி சொல்லலாம். பழக்கத்துக்கு யாராவது ஒரு மணி நேரம் தட்டுவார்களா? பொன்னாசை, கூலி, அதிகாரம் பற்றி அந்த இசை என்ன சொல்கிறது என்று அவர்கள் கேட்டுவிட்டார்கள், அதற்கான கைதட்டல் அது.

சரி, பழங்கதை போதும், இப்போது நடப்பதைச் சொல் என்பீர்கள். சொல்கிறேன். 2025-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓப்பராவில் கிளாஸ் கூத் இயக்கிய சலோமே. இதைக் கொஞ்சம் நின்று பேச நடுவர் அனுமதிக்க வேண்டும்.

ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் சலோமேயில் ஏழு திரை நடனம் என்று ஒன்று உண்டு. மாற்றாந்தகப்பன் ஏரோது, ஆடு என்கிறான். பெண் ஆடுகிறாள். ஏறக்குறைய பத்து நிமிடம் பாட்டே கிடையாது, ஆர்க்கெஸ்ட்ரா மட்டும்தான். வழக்கமாக அந்தப் பத்து நிமிடமும் ஒரு திரை, இன்னொரு திரை என்று கழன்று விழும். பார்வையாளர்களாகிய நாமும் ஏரோதுவோடு சேர்ந்து உட்கார்ந்து வேடிக்கை பார்ப்போம். கூத் அந்த நடனத்தைச் சலோமேயிடமிருந்து எடுத்து ஆறு சின்னச் சலோமேக்களிடம் கொடுத்தார். எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கருப்பு உடை. சின்னக் குழந்தையில் தொடங்கி, ஒருத்திக்கு அடுத்தவள் கொஞ்சம் பெரியவளாக, ஒவ்வொருத்தியாக அந்த ஆளின் முன் வந்து நிற்கிறார்கள். அந்த வீட்டில் இத்தனை வருடமாக என்ன நடந்தது என்று நமக்குப் புரிகிறது. கடைசியில் எல்சா வான் டென் ஹீவர், வளர்ந்த சலோமே, முன்னே வருகிறார்.

ஸ்ட்ராஸ் எழுதிய இசைதான். மேடைக்காக அதை யாரும் திருத்தி எழுதவில்லை. ஆனால் மயக்கும் இசை என்று இதுவரை கேட்டுவந்த அந்த இடங்கள், அன்று அடிவயிற்றைப் பிசைந்தன. தீர்க்கதரிசி யோவானின் தலை வேண்டும் என்று அவள் கேட்கும்போது, எப்போதும் ஒரு விபரீத இளவரசியைப் பார்ப்பேன். அன்று இந்த வீட்டில் வளர்ந்த ஒரு பெண்ணைப் பார்த்தேன். இதுவா சிதைப்பது? இதே மெட்ரோபாலிட்டனில் 1907-ல் இதே சலோமேயை ஒரே ஒரு காட்சியோடு நிறுத்தினார்கள், பண்பாட்டுக்கு ஒவ்வாது என்று. மறுபடி வர 1934 ஆயிற்று. அன்றும் மரபின் பெயரால்தான் கதவைச் சாத்தினார்கள்.

பாலேயில் விஷயம் கொஞ்சம் கடினம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஓப்பராவில் மேடை மாறினாலும் இசை அப்படியே நிற்கிறது. பாலேயில் அடவுகளை மாற்றினால் எது மிஞ்சும் என்ற எதிரணியின் கவலை நியாயமானது. அடவுகளைத் தாளில் பதியும் ஸ்டெபானோவ் குறிப்புமுறையில் எழுதிவைத்த பழைய ஏடுகளைப் படித்து, 2015-ல் நடன அமைப்பாளர் அலெக்ஸி ரட்மான்ஸ்கி மீட்டெடுத்த ஸ்லீப்பிங் பியூட்டியை நானும் நேசிக்கிறேன். கால் தலைக்கு மேலே போகாத அந்த அடக்கமே தனி அழகு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதைப் பார்த்தபோது "எங்கள் மரபு இப்படி இல்லையே" என்று முகம் சுளித்தவர்களும் மரபுக்காரர்கள்தான்.

அடவு மாறினாலும் உயிர் நிற்கும் என்பதற்கு நடன அமைப்பாளர் அக்ரம் கானின் ஜிசெல் பாலே போதும். 2016-ல், ஒரு காலத்தில் பருத்தி ஆலைகளால் வாழ்ந்த மான்செஸ்டரில், இங்கிலிஷ் நேஷனல் பாலே அரங்கேற்றியது. 1841-ல் பாரிஸ் பார்த்த ஜிசெல் ஒரு கிராமத்துப் பெண். பிரபு ஏமாற்றுகிறான், மனம் உடைந்து சாகிறாள், ஏமாற்றப்பட்டு இறந்த பெண்களின் ஆவிக் கூட்டத்தில் சேருகிறாள். கானின் ஜிசெல், மூடப்பட்ட ஆடைத் தொழிற்சாலையில் வேலை இழந்த புலம்பெயர்ந்த தொழிலாளி. மேடையை அடைத்து ஒரு பெரிய சுவர் நிற்கிறது, அதில் கை கையாகப் பதிந்த தடங்கள். முதல் பாதியில் தொழிலாளர்கள் பாதத்தைத் தரையில் ஊன்றியே ஆடுகிறார்கள். நுனிக்காலில் நிற்பது இரண்டாம் பாதியில்தான், அதுவும் ஆவிகள் மட்டும், கையில் நீண்ட கழிகளோடு. அந்தக் காலத்துப் பாலேயில் நுனிக்கால் எதற்காக வந்தது? இவள் மண்ணில் இல்லை, ஆவி என்று காட்டத்தான். பிறகு எல்லாப் பாலேயிலும் எல்லோரும் நுனிக்காலில் நின்று நின்று அந்த அர்த்தமே தேய்ந்துபோனது. அடவை எல்லாம் மாற்றிய கான்தான் அந்த ஒரு அர்த்தத்தை மீட்டுக் கொடுத்தார்.

எல்லா மாற்றமும் நல்லது என்று நான் வாதாடவில்லை. எதிரணித் தலைவர் சொன்ன லாரிக் கார்மெனையே எடுத்துக்கொள்வோம். 2023-ன் கடைசி நாளில் நியூயார்க் மெட்ரோபாலிட்டனில் தொடங்கியது, இயக்கம் கேரி கிராக்னெல். இன்றைய அமெரிக்காவின் எல்லைப்புறத்து ஆலையில் பெண்கள், அவர்களைச் சுற்றிக் காவலர்கள் என்ற எண்ணம் எனக்குப் பிடித்தது. ஐகுல் அக்மெட்ஷினாவின் கார்மென் இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் லாரி வந்ததும் இயக்குநரின் கவனம் எல்லாம் அதன் மேலேயே போய்விட்டது. மூன்றாம் அங்கத்தில் சீட்டில் தன் சாவைப் படிக்கும்போது அவளுடைய தாழ்ந்த குரலைப் பின்தொடர எனக்குத் தனியாக முயற்சி தேவைப்பட்டது. அங்கே மேடை இசையைக் கேட்கவில்லை. கூத் கேட்டார், ஷெரோ கேட்டார். நான் வைக்கும் அளவுகோல் அது ஒன்றுதான். பழைய பட்டுத்துணித் தயாரிப்புகளில் இசையைக் கேட்காதவை எத்தனை! அவற்றை மட்டும் மரபு என்ற பெயரில் மன்னித்துவிடுகிறோம்.

கடைசியாக லா பயடேர் என்ற பாலே, நடுவர் அவர்களே. 1877-ல் பெட்டிபா அமைத்தது. கதையின் நாயகி நிக்கியா இந்தியக் கோயிலில் ஆடும் பெண். நிழலுலகக் காட்சியில் வெள்ளை உடையில் ஒருத்தி பின் ஒருத்தியாக, பெரிய நிறுவனங்களில் 32 பேர், சரிவில் ஒரே அடவைத் திரும்பத் திரும்பப் போட்டபடி இறங்கி வருவார்கள். பாலேயில் அதற்கு நிகரான காட்சி குறைவு. ஆனால் அதைச் சுற்றியிருக்கும் கதை? 1838-லேயே புதுச்சேரி வட்டாரத்துக் கோயில் நடனப் பெண்கள் பாரிஸுக்கு அழைத்துச் செல்லப்பட்டு ஆடியிருக்கிறார்கள். அவர்களில் அமனி என்பவரைப் பார்த்து பிரெஞ்சு எழுத்தாளர் கோத்தியே உருகி எழுதினார். ஜிசெல் கதையை உருவாக்கியவர்களில் ஒருவரான அதே கோத்தியேதான். உண்மையான ஆடலை ஐரோப்பா கண்ணால் பார்த்திருந்தது. அப்படியும் 39 வருடம் கழித்து மேடைக்கு வந்தது, குதிக்கும் பக்கிரிகளும் முகத்தில் மை பூசிய சிறுவர்களும். 2019-ல் போல்ஷாயின் சிறுமிகள் அப்படி மை பூசி நின்ற படத்தைக் காட்டி அமெரிக்கப் பாலே நடனக் கலைஞர் மிஸ்டி கோப்லண்ட் கண்டித்தபோதும், எங்கள் மரபு, மாற்ற மாட்டோம் என்றே பதில் வந்தது.

2024-ல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் ஃபில் சானும் டக் ஃபுல்லிங்டனும் பெட்டிபாவின் பழைய குறிப்புகளைத் தேடிப் படித்து, அடவுகளை மீட்டு, கதையை 1930-களின் ஹாலிவுட்டுக்கு மாற்றிவிட்டார்கள். மூலத்தை அவ்வளவு ஆழமாகத் தோண்டியவர்களேதான் மாற்றியவர்களும்.

அடுத்துப் பேசவரும் எதிரணி நண்பரிடம் நடுவர் ஒன்றைக் கேட்டுச் சொல்ல வேண்டும். அந்தச் சிறுவர்களின் முகத்து மையையும் காக்க வேண்டும் என்பாரா? வேண்டாம், அதை மட்டும் துடைத்துவிடலாம் என்றால், அந்த நிமிடமே அவர் எங்கள் அணிக்கு வந்துவிடுகிறார். அவருக்கு இங்கே இடம் இருக்கிறது.

நன்றி, வணக்கம்.