கதவைத் திறக்க 10 விழணும்: டி அண்ட் டி ஒரு 'கேம்'தானா?

[திரையில்: ஒரு மேஜை, ஒரு கேரக்டர் ஷீட், பென்சில், இருபது முகப் பகடை.]

பூட்டியிருக்கற ஒரு கதவு. முன்னாடி நிக்கறது ஒரு ரோக், அதாவது பூட்டு திறக்கறதுல கைதேர்ந்த ஆள். முதல் லெவல். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், சுருக்கமா டி அண்ட் டி, மேஜையைச் சுத்தி உக்காந்து ஆளுக்கொரு கதாபாத்திரமா ஆடறது. அதோட ஐந்தாம் பதிப்புல இருபது முகப் பகடையை ஒரு தடவை உருட்டணும். விழற எண்ணோட கைலாவகத்துக்கு 3, பயிற்சிக்கு 2 கூட்டணும். பூட்டோட கடினம் 15. ஆக, பகடையில 10 அல்லது அதுக்கு மேல வேணும். இருபது முகத்துல பதினொண்ணு ஒத்துவரும், 55 சதவீதம். சூழ்நிலை சாதகமா இருந்தா ரெண்டு பகடை உருட்டி பெரிய எண்ணை வச்சுக்கலாம். அப்ப வாய்ப்பு கிட்டத்தட்ட 80 சதவீதம்.

இது கேமான்னு இதுவரைக்கும் யாருக்கும் சந்தேகம் வராது. விதி இருக்கு, எண் இருக்கு, ஜெயிக்கலாம், தோக்கலாம்.

இப்ப அந்த ரோக்கை ஆடறவங்க ஜி.எம்.கிட்ட, அதாவது ஆட்டத்தை நடத்தற கேம் மாஸ்டர்கிட்ட, சொல்றாங்க: "பூட்டைத் தொடவே போறதில்ல. கீலுக்கு எண்ணெய் விட்டு, ஆணியைத் தட்டி எடுத்து, கதவையே கழட்டி வைக்கறேன்."

[திரையில்: கதவு. கேமரா பூட்டுலேர்ந்து கீலுக்கு நகருது.]

கீல் எந்தப் பக்கம் இருக்குன்னு சாகசக் குறிப்புல எழுதலை. ஜி.எம். ரெண்டு நொடி யோசிச்சு முடிவு பண்ணணும். "சரி, கழண்டுடுச்சு"ன்னு விட்டுடலாம். கடினம் 10னு வச்சு உருட்டச் சொல்லலாம். "கழட்டலாம், ஆனா ஆணியைத் தட்டற சத்தம் உள்ள கேக்கும்"னு சொல்லலாம். மூணுமே சரிதான், மூணுமே அந்த நிமிஷம் பொறந்த விதி. சதுரங்கத்துல "உன் சிப்பாய்க்குக் காசு கொடுத்து என் பக்கம் இழுக்கறேன்"னு சொல்லிப் பாருங்க, எதிர்ல இருக்கறவர் எழுந்து போயிடுவார்.

கேம்னா என்னன்னு வரையறை எழுதினவங்க எல்லாரும் ஆர்பிஜி, அதாவது டி அண்ட் டி மாதிரியான ரோல்பிளேயிங் கேம், கிட்ட வந்ததும் தடுமாறினது இந்தக் கீல் மாதிரியான இடத்துலதான்.

கேட்டி சாலன், எரிக் சிம்மர்மன் ரெண்டு பேரும் 2003ல எழுதின வரையறையை கேம் டிசைன் படிக்கறவங்க இன்னைக்கும் முதல்ல படிப்பாங்க. விதிகளுக்கு உட்பட்ட ஒரு செயற்கையான மோதல், அதுல ஆட்டக்காரங்க இறங்கறாங்க, கடைசியில அளந்து சொல்லக்கூடிய ஒரு முடிவு வருது. இப்படிப்பட்ட அமைப்புதான் கேம். டென்மார்க்கைச் சேர்ந்த யெஸ்பர் யூல் அதே 2003ல ஒரு கட்டுரையில ஆறு அம்சம் சொன்னார், 2005ல அதைப் புத்தகமா விரிச்சார். விதி, மாறக்கூடிய முடிவு, அந்த முடிவுகள்ல நல்லது கெட்டதுங்கற மதிப்பு, ஆட்டக்காரரோட உழைப்பு, முடிவு மேல அவருக்கு இருக்கற ஒட்டுதல், நிஜ வாழ்க்கையில விளைவு இருக்கணுமா வேண்டாமான்னு பேசி முடிவு பண்ணிக்கற சுதந்திரம். ரெண்டு தரப்புமே ஆர்பிஜியை எல்லைக்கோட்டுல நிறுத்தினாங்க. யூல் சொன்ன காரணம்: ஜி.எம்.னு ஒரு மனுஷர் இருக்கறதால விதி நிலையா இருக்காது. சாலன், சிம்மர்மன் சொன்ன காரணம்: கடைசியில யார் ஜெயிச்சாங்கன்னு சொல்ல முடியாது.

ரெண்டாவதை முதல்ல எடுத்துக்கலாம், அது சுலபம். எதை அளக்கறோம்னு கேட்டாலே பாதி பிரச்சனை தீரும்.

ஒரே மேஜையில நாலு அளவுல விஷயம் ஓடிட்டிருக்கு: ஒரு உருட்டல், ஒரு சண்டை, மூணு நாலு மணி நேர செஷன், மாசக்கணக்குல போற கேம்பெய்ன். உருட்டலுக்கு முடிவு உண்டு. சண்டைக்கும் உண்டு: ஐந்தாம் பதிப்போட 2014 புத்தகத்துல காப்லின்ங்கற குட்டி அரக்கனுக்கு ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப் புள்ளி, 7. ஆர்மர் கிளாஸ், அதாவது அதை அடிக்க எட்ட வேண்டிய எண், 15. ஏழும் தீர்ந்தா காப்லின் காலி. நம்ம ஆள் சைபருக்கு வந்தா மயங்கி விழுந்து, ஒவ்வொரு டர்னும் உயிருக்காக உருட்டணும். மூணு தடவை தேறறதுக்கு முன்னாடி மூணு தடவை தவறினா சாவு. இதைவிடத் தெளிவா அளக்க எதுவும் இல்ல. செஷன்ல "கிராமத்தைக் காப்பாத்தினோமா"ன்னு கேக்கலாம், ஓரளவு பதில் வரும். கேம்பெய்னுக்கு வந்தாதான் கை நழுவுது. இருபதாவது லெவலுக்கு 3,55,000 அனுபவப் புள்ளி வேணும். எண்தான். ஆனா அதைத் தொட்டதும் யாரும் எழுந்து கை குலுக்கறதில்ல, யாரும் தோக்கறதும் இல்ல. அடுத்த வாரம் வந்து உக்காருவாங்க.

வேணும்னா முழுசுக்கும் ஸ்கோர் போடவும் முடியும். 1975ல அமெரிக்காவுல நடந்த ஆரிஜின்ஸ் விளையாட்டு மாநாட்டுக்காக, டி அண்ட் டியை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான கேரி கைகாக்ஸ் 'டூம்ப் ஆஃப் ஹாரர்ஸ்'னு பொறிகள் நிறைஞ்ச ஒரு சாகசம் எழுதினார். போட்டிக்குன்னே எழுதினது. அங்க டி அண்ட் டி எந்த வரையறையிலயும் பாஸாகிடும். அதே புத்தகம், அதே பகடை.

விதி நிலையா இல்லைங்கற யூலோட புகார் கனமானது. அதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும்.

[திரையில்: வரைபடம், சிவப்பு நீலக் கட்டைகள்.]

பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824ல ஒரு போர்ப் பயிற்சி ஆட்டம் வெளியிட்டார், பேரு கிரீக்ஸ்பீல். பகடை, அட்டவணை, நடுவர் எல்லாம் உண்டு. எந்தத் துப்பாக்கி எவ்வளவு தூரத்துல எத்தனை பேரைச் சாய்க்கும்னு ஒவ்வொண்ணுக்கும் கணக்குப் பார்க்கணும். அதுல ஆட்டம் நத்தை வேகத்துல போச்சு. 1876ல வெர்டி டு வெர்னுவாங்கற ஜெர்மன் அதிகாரி அட்டவணையைத் தூக்கிப் போட்டுட்டு, போர் அனுபவம் உள்ள நடுவர் சொல்றதே முடிவுன்னார். அந்த நடுவரோட வாரிசுதான் நம்ம ஜி.எம். 1960கள் கடைசியில மினசோட்டாவுல டேவிட் வெஸ்லி நடுவரை நடுவுல வச்சு பிரவுன்ஸ்டைன்னு ஒரு ஆட்டம் நடத்தினார். அதுல ஆடின டேவ் ஆர்னசன் பிளாக்மூர்னு சொந்தமா ஒண்ணு ஆரம்பிச்சார். அவரும் கைகாக்ஸும் சேர்ந்து 1974ல கொண்டு வந்ததுதான் டி அண்ட் டி. அந்தப் பெட்டி மேல 'ரோல்பிளேயிங்'ங்கற வார்த்தையே கிடையாது. போர்விளையாட்டுக் கேம்பெய்னுக்கான விதிகள்னுதான் போட்டிருந்தது.

ஆக, மனுஷத் தீர்ப்புங்கறது ஆர்பிஜியில எங்கேயோ விழுந்த ஓட்டை இல்ல, தெரிஞ்சே வச்ச வாசல். அட்டவணையில இல்லாததை ஆட்டக்காரர் செய்ய நினைச்சா அதுக்கும் பதில் இருக்கணும்னு வச்சது.

இப்ப தத்துவவாதி பெர்னார்ட் சூட்ஸ். 1978ல வந்த அவரோட புத்தகத்துல வர்ற வரையறையோட சுருக்கம்: தேவையே இல்லாத தடைகளை விரும்பி ஏத்துக்கிட்டு தாண்டப் பாக்கறதுதான் ஆட்டம். கேரம்ல காயெல்லாம் பாக்கெட்டுக்குள்ள போகணும், அவ்ளோதான் இலக்கு. கையால எடுத்துப் போட்டா பத்து நொடி வேலை. அதை விட்டுட்டு கோட்டுல ஸ்ட்ரைக்கரை வச்சு சுண்டறோம் பாருங்க, அந்த மனசுதான் ஆட்டக்காரர் மனசு.

இதை நம்ம கதவுக்குப் போட்டுப் பார்த்தா ஒரு சிக்கல். கேரம் காய் நிஜத்துல மேஜை மேல இருக்கு. கதவு எங்கேயும் இல்ல. யாராவது வாயால சொன்னாதான் அது திறக்கும். அப்படின்னா கதவைத் திறக்க இருக்கறதிலேயே சுலபமான வழி எது? "திறந்துடுச்சு"ன்னு சொல்றது. அதைத்தான் நாம நமக்கே தடை பண்ணிக்கறோம். சொன்னா போதாது, பகடை விழணும், இல்ல ஜி.எம். தலையாட்டணும். கற்பனையில என்ன நடந்துச்சுன்னு மேஜையில இருக்கறவங்க ஒத்துக்கற வழிதான் 'சிஸ்டம்'னு ஆர்பிஜி வடிவமைப்பாளர் வின்சென்ட் பேக்கர் சொல்றார். சூட்ஸோட தேவையில்லாத தடையையும் பேக்கரோட ஒப்புதலையும் பக்கத்துல வச்சா கச்சிதமா பொருந்துது. ஜி.எம். புதுசா ஒரு விதி போடறதுகூட அந்தப் பெரிய தடைக்குள்ளதான் நடக்குது. யூலோட புகாருக்கு எங்களுக்குத் தெரிஞ்ச நல்ல பதில் இதுதான்.

கேம்பெய்னுக்கும் சூட்ஸ்கிட்ட ஒரு அறை இருக்கு. 'திறந்த ஆட்டம்'னு பேர் வச்சார்: ஒருத்தரோட நகர்வு இன்னொருத்தரோட நகர்வுக்கு வழி விடணும், மொத்த நோக்கமும் ஆட்டம் நிக்காம ஓடறது. தெருவுல ரெண்டு பேர் ஸ்கோர் போடாம ஷட்டில் ஆடறதை நினைச்சுக்கோங்க. காக் கீழ விழக்கூடாது, அவ்ளோதான் கணக்கு. ஸ்மாஷ் அடிச்சா கெட்டுப்போச்சு.

மேஜையில ஆடறவங்களுக்குள்ள வர்ற பெரும்பாலான சண்டைக்குக் காரணம், ஒருத்தர் ஸ்கோர் வச்சு ஆடறார், இன்னொருத்தர் காக் விழாம ஆடறார்ங்கறதுதான்.

[திரையில்: ஜி.எம். ஸ்கிரீனுக்குப் பின்னாடி ஒரு பகடை. 20.]

உதாரணம். ஏழு ஹிட் பாயிண்ட் இருக்கற ஒரு விசார்டை, அதாவது மந்திரவாதியை, காப்லின் வெட்டுது. ஸ்கிரீனுக்குப் பின்னாடி ஜி.எம். உருட்டினது 20, கிரிட்டிக்கல், அதாவது சேதப் பகடை ரெண்டு மடங்கு. சேதத்துக்கு ரெண்டு ஆறுமுகப் பகடை கூட்டல் 2, சராசரி 9. விசார்ட் பெரும்பாலும் விழுந்துடுவார். ஜி.எம். வாயைத் திறந்து, விழுந்தது "பதினேழு" அப்படின்னு பொய் சொல்றார். அடி படும், ஆனா ஒரே பகடைதான், சராசரி 5.5. அனேகமா பிழைச்சுப்பார். இது அழுகுணி ஆட்டமா? சண்டைங்கற அளவுல பார்த்தா ஆமா, சந்தேகமே இல்ல. கேம்பெய்ன் அளவுல அவர் பண்ணது, ஷட்டில் காக் கீழ விழாம தூக்கி விட்டது. 2014ல வந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடே, அதாவது டி அண்ட் டி ஜி.எம்.களுக்கான கையேடே, ஸ்கிரீனுக்குப் பின்னாடி உருட்டினா முடிவை மாத்திக்கற வசதி உண்டுன்னு சொல்லுது. ஆனா பக்கத்துல ஃபைட்டர், அதாவது போர்வீரன், ஆடறவர் மூணு நாள் உக்காந்து கணக்குப் போட்டு கேரக்டர் செஞ்சிருப்பார். விஷயம் தெரிஞ்ச அன்னைக்கு, இத்தனை நாளா நான் ஒப்புக்குச் சப்பாணியான்னு கேப்பார். கேள்வி நியாயமானது. அதனால ஆட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கூடிப் பேசற செஷன் ஜீரோவுலயே மூணைப் பேசி வச்சுடணும்: பகடை எல்லார் கண்ணுக்கும் தெரியற மாதிரி விழணுமா, கேரக்டர் சாகலாமா, ஜி.எம். சொன்னது தப்புன்னு தோணினா அங்கயே வாதாடலாமா, இல்ல செஷன் முடிஞ்சப்புறமா. மூணாவதைப் பேசாம விட்டாதான் ஒரு கீலுக்காக நாப்பது நிமிஷம் போகும்.

'கேமுக்குப் பொதுவான ஒரு அம்சமே கிடையாது, குடும்பச் சாயல்தான் உண்டு'ன்னு தத்துவவாதி விட்கன்ஸ்டைன் சொன்னதை வச்சு முடிச்சுடலாமேன்னு கேக்கலாம். சரிதான், ஆனா அது மேஜையில உதவாது. நம்ம பேச்சுலயே ஒரு நுணுக்கம் இருக்கு: சொப்பு வச்சு சோறாக்கறது விளையாட்டு, அதை யாரும் 'ஒரு ஆட்டம் போட்டோம்'னு சொல்லமாட்டாங்க. பல்லாங்குழியும் ஆடுபுலியும் ஆட்டம். பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோஜே காயுவா 1958ல இதே பிளவைப் பார்த்துட்டு, விதி இருக்கும், இல்ல பாவனை இருக்கும், ரெண்டும் சேர்ந்து இருக்காதுன்னார். பதினாறு வருஷம் கழிச்சு டி அண்ட் டி வந்து ரெண்டையும் ஒரே காகிதத்துல எழுதிடுச்சு.

எல்லா ஆர்பிஜியும் ஒரே இடத்துல தடுக்கறதும் இல்ல. ஜேசன் மார்னிங்ஸ்டார் 2009ல வெளியிட்ட ஃபியாஸ்கோவுல ஜி.எம்.மே கிடையாது, மூணுலேர்ந்து அஞ்சு பேர். ஆளுக்கு ரெண்டு வெள்ளை, ரெண்டு கறுப்புப் பகடை நடுவுல குவிச்சிருக்கும். காட்சிக்கு ஒண்ணா அது கைமாறும். கடைசியில கையில சேர்ந்ததை உருட்டி, ஒரு நிறத்தோட கூட்டுத்தொகையிலேர்ந்து இன்னொண்ணைக் கழிக்கணும். சைபர் பக்கத்துல வந்தா கதி அதோகதி, எண் பெருசானா நல்ல முடிவு. கறாரா அளந்த முடிவு! ஆனாலும் அந்த எண்ணுக்காக யாரும் ஆடறதில்ல. தன் கேரக்டர் நாசமாப் போறதை ரசிக்கத்தான் ஆடறாங்க.

ஸ்டீபன் டூயி 2015ல வெளியிட்ட டென் கேண்டில்ஸ் இதுக்கு நேர் எதிர். எல்லா கேரக்டரும் செத்துடும்னு ஆரம்பிக்கறப்பவே தெரியும். யூலோட 'மாறக்கூடிய முடிவு' அங்கயே போச்சு. பத்து மெழுகுவத்தி, பத்து ஆறுமுகப் பகடை. ஒரு 6 விழுந்தா ஜெயம். 1 விழுந்த பகடைகளை அந்தக் காட்சி முடியற வரைக்கும் ஒதுக்கி வைக்கணும். 6 ஒண்ணுகூட வரலைன்னா ஒரு மெழுகுவத்தியை அணைக்கணும், அடுத்த காட்சிக்கு ஒரு பகடை குறைவு. பத்துப் பகடையில ஒரு 6 வர்ற வாய்ப்பு 84 சதவீதம், மூணுல 42, ஒண்ணுல 17கூட இல்ல. தானா அணைஞ்சாலும் திரும்பப் பத்த வைக்கக்கூடாது, அதனால ஆடறதுக்கு முன்னாடி ஃபேனை நிறுத்திடுங்க. வியர்க்கும், பரவாயில்ல.

ஆரம்பத்துல ஒவ்வொருத்தரும் தன் கேரக்டர் குரல்ல ஒரு கடைசிச் செய்தி ரெக்கார்ட் பண்ணி வைப்பாங்க. பத்தாவது மெழுகுவத்தி அணைஞ்சு அறை இருட்டானதும் அதைப் போட்டுக் கேப்பாங்க. பகடை எங்க விழுந்திருக்குன்னு அப்ப யாருக்கும் தெரியாது.

[திரை இருட்டு. ஒலி மட்டும்.]