பின்பக்கத்தையும் காட்டுங்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நூலும் ஊசியும் கையில் எடுத்துப் பழகியவர்கள், கற்றுக்கொள்ள நினைத்துத் தள்ளிப்போட்டவர்கள், வீட்டில் ஒருவர் பின்னுவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் என அனைவரும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். கையால் பின்னிய ஒரு பொருளை முகம் தெரியாத மனிதர்களுக்கு இணையத்தில் காட்டும்போது மனத்துக்கு ஏன் அவ்வளவு ஆறுதல் கிடைக்கிறது என்பதைப் பற்றியே இன்று பேசப்போகிறேன். பாராட்டு கிடைப்பதால்தான் என்று பலர் சொல்வார்கள். பாராட்டு இனிமையானதுதான். ஆனால், இத்தகைய குழுக்களில் நீண்ட காலம் இருந்து வருபவள் என்ற முறையில், பாராட்டைவிடக் கேள்விதான் ஆறுதல் தருகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒரு பெண் தான் பின்னிய சால்வையைப் படம் எடுத்துப் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "அழகு", "அருமை" என்று பலர் எழுதுகிறார்கள். அவர்களுக்கிடையே ஒருவர் மட்டும், "ஓரம் சுருளாமல் இருக்கிறதே, எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்கிறார். இந்தக் கேள்வியைக் கேட்க, அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்க வேண்டும். ஒரே மாதிரியான கண்ணிகளால், அதாவது ஊசியில் போடும் நூல் வளையங்களால், பின்னிய துணியின் ஓரம் சுருண்டுகொள்ளும் என்பதும், அதைத் தடுக்க ஓரத்தில் வேறு வகைக் கண்ணி போட வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் வீட்டார் நம்மீது அன்பு குறைந்தவர்கள் அல்லர். பின்னிக் கொடுத்ததை ஆசையாக அணிந்துகொள்வார்கள். ஆனால் அந்த ஓரத்துக்காக எத்தனை முறை அவிழ்த்துப் பின்னினோம் என்பது, தானும் அவிழ்த்துப் பின்னியவருக்குத்தான் கண்ணில் படும். அப்படிப்பட்டவர் நம் தெருவில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இப்போது இல்லை. 2007இல் தொடங்கிய ரேவல்ரி என்ற தளத்தில் பின்னுபவர்களும் குரோஷே போடுபவர்களும் பல இலட்சக்கணக்கில் சேர்ந்ததற்கு இதுவே முதன்மையான காரணம் என்பது என் எண்ணம்.

குரோஷே பற்றி இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். இரண்டு ஊசிகளால் பின்னும் பின்னலுக்கு வில்லியம் லீ 1589ஆம் ஆண்டிலேயே இயந்திரம் கண்டுபிடித்துவிட்டார். ஒற்றைக் கொக்கி ஊசியால் போடும் குரோஷேயை அப்படியே செய்யும் இயந்திரம் ஆலைகளில் இன்றும் புழக்கத்தில் இல்லை. எனவே ஒரு குரோஷே விரிப்பை எங்கே கண்டாலும், அதன் ஒவ்வொரு கண்ணியையும் ஒரு மனிதக் கை கொக்கியில் மாட்டி இழுத்திருக்கிறது என்று எண்ணிக்கொள்ளலாம். அந்தக் கை எப்படி இயங்கியது என்று கேட்பது அந்த மனிதரைப் பற்றியே கேட்பதாகும்.

நான் எங்கே பேசினாலும் சொல்லாமல் விடாத ஒரு நிகழ்ச்சி உண்டு. எங்கள் குழுவில் ஒருநாள் ஓர் இளம்பெண் ஒரு படத்தைப் போட்டார். முதுகுப் பகுதியும் முன்பகுதிகள் இரண்டும் முடிந்து, ஒரு கை பாதியில் ஊசியிலேயே நின்றுவிட்ட கம்பளிச் சட்டை அது. பின்னிக்கொண்டிருந்த அவருடைய தாயார் காலமாகிவிட்டார். மகளுக்குப் பின்னத் தெரியாது. "இதை என்ன செய்வது என்று தெரியவில்லை" என்று ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தார்.

ஆழ்ந்த இரங்கல் என்று எழுதுவதுதான் வழக்கம். சிலர் எழுதவும் செய்தார்கள். ஆனால் உடனே கேள்விகள் வரத் தொடங்கின. ஊசியின் தலையில் எண் பொறித்திருக்கிறதா? நூற்கண்டைச் சுற்றியிருந்த காகிதப் பட்டை கிடைக்குமா? துணியின் பின்பக்கத்தையும் படம் எடுத்துப் போட முடியுமா? கண்ணிகளை ஊசியிலிருந்து தயவுசெய்து கழற்றிவிடாதீர்கள் என்று ஒருவர் பதறிப்போய் எழுதியிருந்தார். இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்காகத்தான் அந்தப் பெண், தாயார் மறைந்த பிறகு முதன்முறையாக அவருடைய கைவேலைப் பையைத் திறந்தார். உள்ளே பட்டையும் இருந்தது. பென்சில் கோடுகள் போட்ட ஒரு துண்டுத் தாளும் இருந்தது. கோடுகள் ஆறு ஆறாக நின்றன. கடைசிக் கூட்டத்தில் நான்குதான் இருந்தன. எங்களில் ஒருவர் அதைப் பார்த்தவுடன் சொல்லிவிட்டார்: மணிக்கட்டிலிருந்து மேல்நோக்கிப் பின்னும் கை அது, ஒவ்வோர் ஆறாவது வரிசையிலும் இருபுறமும் ஒரு கண்ணியைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார், இன்னும் இரண்டு வரிசை போட்டால் அடுத்த கண்ணியைக் கூட்ட வேண்டிய இடம் வரும். தன் தாயார் எந்த இடத்தில் நிறுத்தினார் என்பது அந்த மகளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதன்பிறகு அவர் தாயாரைப் பற்றி நிறைய எழுதினார். அதுவரை எவரிடமும் பேசவில்லை என்றும் எழுதினார்.

முடித்துத் தருவதாக ஒருவர் முன்வந்தார். அது எளிய வேலை அன்று. ஒரே நூல், ஒரே ஊசி, ஒரே வடிவம் கொடுத்தாலும் இருவர் பின்னுவது ஒரே அளவில் வராது. ஒருவர் நூலை இறுக்கிப் பிடிப்பார், இன்னொருவர் தளர விடுவார். ஆகையால்தான் வடிவக் குறிப்புகளில், பத்து சென்டிமீட்டர் அகலத்துக்கு எத்தனை கண்ணிகள், அதே உயரத்துக்கு எத்தனை வரிசைகள் என்று அளவு கொடுத்திருப்பார்கள். நம் தோழி முதலில் ஒரு மாதிரிச் சதுரம் பின்னி அளந்து பார்த்தார். அந்த அம்மையாரின் கை இறுக்கமானது என்று புரிந்தது. சற்று மெல்லிய ஊசிக்கு மாறியபோதுதான் அளவு ஒத்து வந்தது. நூலிலும் ஒரு சிக்கல் எழுந்தது. அந்த நிறம் இப்போது தயாரிக்கப்படுவதில்லை. வேறொரு நாட்டில் இருந்த உறுப்பினர் ஒருவரிடம் அதே நிறத்தில் ஒரு கண்டு மீந்திருந்தது. ஆனால் பட்டையில் இருந்த சாயத் தொகுதி எண் வேறு. ஒரே நிறமானாலும், ஒரு தொகுதியில் தோய்த்த நூலுக்கும் அடுத்த தொகுதியில் தோய்த்ததற்கும் சாயல் மாறக்கூடும். ஒட்டுப்போட்டது தெரியாமல் இருக்க, பழைய கண்டிலிருந்து இரண்டு வரிசை, புதிய கண்டிலிருந்து இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் பின்னினார்.

தொடங்குவதற்கு முன் அவர் மகளிடம் ஒன்று கேட்டார். தாயார் கடைசியாகப் பின்னிய சில வரிசைகளில் கண்ணிகள் தளர்ந்தும் ஏறுமாறாகவும் இருந்தன. கை ஓய்ந்துபோயிருந்தது தெரிந்தது. அவற்றை அவிழ்த்துவிட்டுச் சீராகப் பின்னட்டுமா, அப்படியே விடட்டுமா? அப்படியே இருக்கட்டும் என்று மகள் சொல்லிவிட்டார். பின்னி முடித்த தோழி, தாயாரின் வேலை முடியும் இடத்தில், உட்புறத்தில் மட்டும் தெரியும்படி மெல்லிய வேறு நிற நூல் ஒன்றை ஓடவிட்டுக் கொடுத்தார். எத்தனை ஆயிரம் பாராட்டுச் சொற்களாலும் இந்த ஆறுதலைத் தந்திருக்க முடியாது. மீண்டும் சொல்கிறேன்: கேள்விகளே அதைத் தந்தன.

இத்தகைய பணியைப் பெரிய அளவில் செய்யும் அமைப்பும் இருக்கிறது. 2022இல் அமெரிக்காவில் தொடங்கிய லூஸ் எண்ட்ஸ் என்ற திட்டம், மறைந்தவர்கள் பாதியில் விட்டுச் சென்ற கைவேலைகளை முடித்துத் தரும் தன்னார்வலர்களைக் குடும்பத்தாருடன் இணைத்துவைக்கிறது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று கேட்பவர்களுக்காக ஒன்றைக் குறிப்பிடுகிறேன். ரைலி, கார்க்ஹில், மாரிஸ் ஆகிய மூவர் இணையவழியாக 3,500க்கும் மேற்பட்ட பின்னலாளர்களிடம் கேட்டறிந்து, 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அடிக்கடி பின்னுபவர்கள் கூடுதலான அமைதியை உணர்வதாகவும், குழுவாகச் சேர்ந்து பின்னுவது மகிழ்ச்சியையும் பிறருடனான தொடர்பையும் வளர்ப்பதாகவும் அதில் தெரியவந்தது. விடை அளித்தவர்கள் ஏற்கெனவே பின்னலில் ஈடுபாடு உள்ளவர்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. இருந்தாலும் என் அனுபவம் அதையேதான் சொல்கிறது. 2020இல் நோய்த்தொற்று எல்லோரையும் வீட்டுக்குள் அடைத்தபோது, பல குழுக்கள் காணொலி அழைப்பில் கூடின. எங்கள் கூட்டத்தில் பலர் கேமராவைக் கைகளை நோக்கித் திருப்பி வைத்துக்கொள்வார்கள். கை வேலை செய்துகொண்டிருக்கும்போது, பேசாமல் இருப்பது எவருக்கும் சங்கடமாக இருப்பதில்லை. முகத்தை நேருக்கு நேர் பார்த்துச் சொல்ல முடியாத துயரத்தைக்கூட, கண்ணிகளை எண்ணிக்கொண்டே மெல்லச் சொல்லிவிட முடிகிறது.

நேரம் நெருங்கிவிட்டது. குறைமாதக் குழந்தைகளுக்காகக் குரோஷே பொம்மைகள் செய்து அனுப்புவதைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். 2013இல் டென்மார்க்கில் சிறிய ஆக்டோபஸ் பொம்மைகளோடு தொடங்கிய வழக்கம் அது. இப்போது சுருக்கமாக இவ்வளவுதான் சொல்ல முடியும்: எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறீர்களோ, அங்கே முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பருத்தி நூலில், உள்ளே அடைத்த பஞ்சு வெளியே தெரியாதபடி நெருக்கமாகப் போடுங்கள். கண்ணுக்குப் பொத்தான் வைக்காமல் நூலாலேயே தைத்துவிடுங்கள். குழுக்களில் புதிதாகச் சேர்பவர்களுக்கும் ஒரு சொல்: வடிவத்தை உருவாக்கியவரின் பெயரையும், நூல் வகையையும், ஊசியின் எண்ணையும் படத்துடன் எழுதுங்கள், முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் படம் எடுத்துப் போடுங்கள், கேள்வி கேட்பவர்களுக்கு அதுதான் தேவைப்படும்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.