வீட்டில் ஒருவருக்கு மட்டும் கேட்கும் சத்தம்

நேயர்களுக்கு வணக்கம்.

டிவி மெக்கானிக் ஒருவனைக் கூப்பிட்டு ரேடியோவில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்த கூட்டத்தை எழுப்பி டிவி முன்னால் உட்கார வைத்ததில் என் ஸ்க்ரூ டிரைவருக்கும் பங்கு உண்டு. அதையெல்லாம் மனதில் வைக்காமல் வந்தவுடன் காபி கொடுத்தார்கள். நன்றி.

நான் பேச வந்தது ஒரு சத்தத்தைப் பற்றி. பழைய டப்பா டிவி, அதாவது முதுகுப் பக்கம் பானை வயிறு மாதிரி தள்ளிக்கொண்டு இருக்குமே, அந்த பிக்சர் டியூப் டிவி. சுவரில் மாட்டுகிற டிவி வந்து இத்தனை வருஷம் ஆகியும் அது நம் வீடுகளை விட்டு முழுதாகப் போகவில்லை. 2006-இல் தொடங்கிய அரசாங்கத் திட்டத்தில் கிடைத்த 14 அங்குல டிவியைத் துடைத்துத் துடைத்து இன்னும் வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். பெரிய டிவி ஹாலுக்கு வந்ததும், பழையது பாட்டியின் அறைக்குப் போயிருக்கும். அந்த டிவியைப் போட்டதும் ‘கீ...’ என்று ஊசிமுனை மாதிரி ஒரு சத்தம் வரும். சிலருக்குக் கேட்கும். சிலருக்குக் கேட்கவே கேட்காது.

அதை இங்கே போட்டுக் காட்டிவிட்டால் ஆயிற்றே என்று நினைப்பீர்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். முடியாது. எஃப்.எம். ஒலிபரப்பில் வினாடிக்கு 15,000 அதிர்வு வரைதான் உங்கள் வீட்டுக்கு வரும். மீடியம் வேவில் 5,000 தாண்டுவதே கஷ்டம். நான் சொல்கிற சத்தம் 15,625 அதிர்வு. கதவு இடுக்கில் தலை தட்டி வெளியிலேயே நின்றுவிடும். ஆகவே என் பேச்சை நம்பித்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

அது என்ன 15,625 என்று கணக்காக? டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒரு வரி அடித்து முடித்ததும் மணி அடிக்கும், கேரியேஜைப் பிடித்து ஒரே தள்ளாகத் தள்ளி அடுத்த வரிக்கு வருவோம் இல்லையா? பிக்சர் டியூபுக்குள்ளும் அதே வேலைதான். படத்தை வரிவரியாக வரைகிறது. நம் நாட்டு முறையில் ஒரு படத்துக்கு 625 வரி, வினாடிக்கு 25 படம். பெருக்கிப் பாருங்கள், 15,625. வினாடிக்கு அத்தனை தடவை கேரியேஜைத் தள்ள வேண்டும். அந்தத் தள்ளலைப் பயன்படுத்தி, டியூபுக்கு வேண்டிய 20,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரத்தை உண்டாக்குகிற பெட்டியை நாங்கள் எல்.ஓ.டி. என்போம். அதற்குள் செம்புக் கம்பிச் சுருளும், ஃபெரைட் என்ற கருப்புக் கட்டியும் இருக்கும். காந்தம் ஏறி இறங்க ஏறி இறங்க அந்தக் கட்டி துளித்துளியாக நடுங்கும். அந்த நடுக்கம்தான் சத்தம். பிக்சர் டியூபின் கழுத்தில் மாட்டியிருக்கும் யோக் சுருளும் கொஞ்சம் கூடச் சேர்ந்து பாடும். பியானோவில் வலதுபக்கக் கடைசிக் கட்டை இருக்கிறதே, அதற்கும் மேலே கிட்டத்தட்ட இரண்டு ஸ்தாயி. அவ்வளவு உச்சம்.

எல்லா டப்பா டிவியும் கொஞ்சம் கூவும். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். புதிதாக வாங்கிய அன்றும் கூவியிருக்கும். வயதானதும் கட்டியைப் பிடித்திருக்கிற கிளிப் தளர்ந்து, பசை காய்ந்து, சுருள் இளகி, கூவல் பெரிதாகிறது.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த காலத்தில் எனக்கு இந்தச் சத்தம் நன்றாகவே கேட்டது. 1982-இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கினார்கள். எங்கள் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் மொட்டைமாடியில் உயரமாகக் குழாய் நட்டு, ஆன்டெனாவைத் தென்கிழக்கே திருப்பி, பூஸ்டர் போட்டால் படம் வரும். காற்று திரும்பினால் போய்விடும். அப்போது தெருவுக்கு ஒரு டிவி இருந்தாலே பெரிசு. நான் தெருவில் சைக்கிளில் போகும்போதே எந்த வீட்டில் டிவி ஓடுகிறது என்று சொல்லிவிடுவேன். வசனமோ பாட்டோ எனக்குத் தேவையில்லை, அந்தக் ‘கீ’ போதும். அது என்னிடம் இருந்த ஒரு வித்தை என்று எனக்குப் பெருமை வேறு.

பெருமை எப்போது போனது என்பதைச் சொல்கிறேன். 1999 என்று நினைவு. எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. பாளையங்கோட்டையில் ஒரு வீடு. அந்த வீட்டு ஆச்சி கூப்பிட்டு அனுப்பினார்கள்.

“அண்ணாச்சி, இந்த டிவியப் போட்டா பேத்தி காதப் பொத்திக்கிட்டு வெளிய ஓடுதா. திருநீறு போட்டாச்சு, பள்ளிவாசல்ல ஓதியும் பாத்தாச்சு. நீங்க ஒரு எட்டு பாத்துருங்க.”

ஒன்பது வயதுப் பிள்ளை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றது. நான் டிவியைப் போட்டேன். படம் பளிச்சென்று இருக்கிறது, சத்தம் சுத்தமாக இருக்கிறது. முன்னால் காதை வைத்தேன், பின்னால் வைத்தேன். ஒன்றுமே இல்லை. “டிவில ஒண்ணும் இல்ல ஆச்சி, பிள்ளை படிக்கச் சொல்லிருவாங்களோன்னு பயந்து ஓடுது” என்று வேடிக்கையாகச் சொல்லிவிட்டு, பார்த்த கூலி 40 ரூபாயும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை அப்போது நான் கவனிக்கவில்லை. பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இரண்டு மாதம் இருக்கும். கடையில் வேறொரு டிவி பெஞ்சில் ஓடிக்கொண்டிருந்தது. என்னிடம் வேலை கற்றுக்கொண்டிருந்த பையனுக்குப் பதினேழு வயது. “அண்ணாச்சி, இது ரொம்பக் கூவுது, அமத்திரட்டா?” என்றான்.

“எதுடே கூவுது?”

“எல்.ஓ.டி.தான். உங்களுக்குக் கேக்கலையா?”

கேட்கவில்லை. அந்தக் கணம் எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. எனக்குக் கேட்காமல் போய் எத்தனை வருஷம் ஆயிற்று என்றுகூடத் தெரியாது. கேட்காமல் போன சத்தம் போனதாகச் சொல்லிவிட்டா போகிறது?

மறுநாளே பையனைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போனேன். ஒரு சோதனை செய்தோம். பிள்ளையை வாசல் திண்ணையில் தெருவைப் பார்த்து உட்கார வைத்தேன். டிவியின் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தேன். உள்ளே ஆச்சி சுவிட்சைப் போடவும் அணைக்கவும், பிள்ளை வெளியிலிருந்து சொல்ல வேண்டும். “இப்ப ஓடுது.” “இப்ப இல்ல.” “இப்பவும் இல்ல.” ஆச்சி ஏமாற்றுவதற்காகச் சுவிட்சைத் தொடாமலே “இப்ப?” என்று கேட்டார்கள். “ஏமாத்தாத ஆச்சி, இப்ப இல்ல.” பத்துக்குப் பத்து. சுவிட்சின் ‘டக்’ தெருச் சத்தத்தில் அங்கே வரை கேட்காது, நானே போய் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். எனக்குக் கேட்டது தெருவில் போன மாட்டுவண்டிதான்.

டிவியைக் கழற்றினேன். கழற்றினேன் என்று சொல்கிறேனே தவிர, காது பையனுடையது. நான் காய்ந்த மூங்கில் குச்சியால் உள்ளே ஒவ்வொரு இடமாக மெல்ல அழுத்துவேன், அவன் “கூடுது, குறையுது” என்று சொல்வான். எல்.ஓ.டி.யின் இரண்டு ஃபெரைட் துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கிற கம்பிக் கிளிப்பில் வந்ததும் “நின்னுட்டு அண்ணாச்சி” என்றான். இறுக்கி, வார்னிஷ் விட்டு, ஒரு நாள் காயவிட்டு மாட்டினோம். பிள்ளை கேட்டுப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் இருக்கு. ஆனா பரவால்ல” என்றது. நேர்மையான சர்டிபிகேட். பழைய 40 ரூபாயை ஆச்சியிடம் திருப்பிக் கொடுத்தேன். ஆச்சி அதைப் பேத்தி கையில் கொடுத்தார்கள், அது சரிதானே.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. பிள்ளைப் பருவத்துக் காது 20,000 அதிர்வு வரை கேட்கும் என்பார்கள். காதுக்குள் நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள் இருக்கிறது. அதில் உச்ச சுதியைப் பிடிக்கிற மெல்லிய மயிரிழைகள் வாசல் ஓரம் இருக்கின்றன. வயதாக ஆக முதலில் போவது அவைதான். போனது திரும்பாது. பேச்சு கேட்கும், பாட்டு கேட்கும், கொசு பாடுவதும் கேட்கும். அதனால் ஒன்றும் குறையவில்லை என்றே நினைத்துக்கொண்டிருப்போம். பிரிட்டனில் இதையே ஒரு வியாபாரமாகவும் ஆக்கினார்கள். கடை வாசலில் கூடி நிற்கும் விடலைகளை விரட்ட, வினாடிக்கு 17,000 அதிர்வுக்கும் மேலே கூவுகிற ஒரு கருவி 2005-இல் வந்தது. அதற்கு ‘கொசு’ என்று பெயர். பெரியவர்கள் பாட்டுக்குக் கடைக்குள் போவார்கள், பையன்கள் காதைப் பொத்திக்கொண்டு கலைவார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளைகளின் காது நன்றாக இருப்பதற்கா தண்டனை?

அதனால்தான் சொல்கிறேன். வீட்டில் ஒரு பிள்ளை ‘டிவி கூவுது’ என்றால், நீங்கள் காதை வைத்துப் பார்த்துவிட்டு ‘ஒண்ணுமில்ல’ என்று சொல்லாதீர்கள். அந்தத் திண்ணைச் சோதனையைச் செய்யுங்கள். பூனை வளர்ப்பவர்கள் பூனையையும் கவனியுங்கள். அதன் காது நம்மைவிடப் பல மடங்கு மேலே போகும்.

சரி, கூவுகிறது. என்ன செய்வது? முதலில் வால்யூமைப் பூஜ்யத்தில் வையுங்கள். சத்தம் போய்விட்டால் அது ஸ்பீக்கர் வழியாக வருவது, கேபிள் பின்னையும் சேனலையும் பாருங்கள். திரையில் வெள்ளை எழுத்து வரும்போது மட்டும் ‘கொர்ர்’ என்றால் அதுவும் இந்த வகைதான். வால்யூம் பூஜ்யத்திலும் சத்தம் போகாமல் இருந்தால் பெட்டியே கூவுகிறது.

இன்னொரு சோதனையை மின்வாரியமே இலவசமாகச் செய்துகொடுக்கும். கரண்ட் போனதும் கவனியுங்கள். கரண்ட் போயும் காதில் ‘கீ’ நிற்கவில்லை என்றால் டிவி மேல் பழி போடாதீர்கள். அது காதுக்குள் இருக்கிற சத்தம். காது டாக்டரிடம் போக வேண்டும். இப்படி இரண்டு பேரை நானே அனுப்பியிருக்கிறேன்.

பெட்டியின் கூவல்தான் என்றால், கழற்றாமலே செய்யக்கூடியது ஒன்று உண்டு. இடத்தை மாற்றுங்கள். இந்தச் சத்த அலையின் நீளம் இரண்டு சென்டிமீட்டர் சொச்சம்தான், ஒரு விரல்கணு அளவு. அதனால் வளைந்து போகத் தெரியாது, சுவரில் பட்டால் பந்து மாதிரி திரும்பும். மூலையில், பிளைவுட் ஷோகேஸுக்குள் திணித்து வைத்த டிவி இரண்டு பங்கு கூவுவதாகத் தோன்றுவது அதனால்தான். வெளியே எடுத்து, சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி, பின்னால் சுவரில் கனமான திரைச்சீலை தொங்கவிட்டால் பாதி அடங்கும். சுவரில், கவனியுங்கள், டிவி மேல் போர்த்தச் சொல்லவில்லை. காற்றுத் துவாரத்தை மூடினால் சூடு ஏறி, சத்தத்தோடு டிவியும் நின்றுவிடும்.

அப்புறம் செட்டாப் பாக்ஸை மட்டும் ரிமோட்டில் அணைத்துவிட்டு டிவியை நீலத் திரையோடு விட்டுவிடுகிற பழக்கம். பேச்சு நின்றதால் உங்களுக்கு டிவி நின்றாயிற்று. பிள்ளைக்கு ராத்திரி முழுக்கக் கூவிக்கொண்டிருக்கும். சுவரில் இருக்கிற சுவிட்சை அணையுங்கள்.

இனி, எந்தச் சத்தத்துக்கு உடனே அணைக்க வேண்டும்... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று விரல் காட்டுகிறார்கள், மூன்று நிமிஷம். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ‘உஸ்ஸ்’ என்று இரைச்சலும் காரமான ஒரு நெடியும் வந்தால் உயர் மின்சாரம் கசிகிறது. ஐப்பசி அடைமழையிலும், திருச்செந்தூர், உவரி மாதிரி உப்புக்காற்று ஊர்களிலும் இது அதிகம். உள்ளே தூசியும் ஈரமும் சேர்ந்திருக்கும். அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். ‘டிக் டிக்’ என்று அடித்துப் படமே வரவில்லை என்றால் பெரும்பாலும் எல்.ஓ.டி.யை ஓட்டுகிற லைன் டிரான்சிஸ்டர் ஷார்ட், அதுவும் மெக்கானிக் வேலை. போடும்போது கீச்சென்று கத்தி, சூடானதும் அடங்கினால் டிவிக்குள் மின்சாரம் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். பகுதியில் கண்டென்சர் காய்ந்திருக்கும், தலை உப்பியிருப்பதைப் பார்த்தே சொல்லிவிடலாம். விலை குறைந்த சாமான், மாற்றிவிடலாம்.

ஆனால் நீங்கள் திறந்து பார்க்காதீர்கள். நான் மூங்கில் குச்சி வைத்து அழுத்தியதைச் சொன்னேனே, அதை வீட்டில் யாரும் செய்யக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் டியூப் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும், பெரிய கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். தொழில் தெரிந்த நானே ஒருமுறை சுவரில் போய் மோதியிருக்கிறேன். அந்தக் கதை நன்றாக இருக்கும், நேரம் இல்லை.

பழைய டிவியை ஒரேயடியாகக் கழித்துவிடுகிறவர்களுக்கும் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். ஒரே ஒரு வரி. பிக்சர் டியூப் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, செம்புக்காக உடைத்துவிட்டு மிச்சத்தை ஓடைக்கரையில் போடுகிற ஆளிடம் கொடுக்காதீர்கள், மின்கழிவு எடுக்கிறவர்களிடம் கொடுங்கள்... ஒரு விரல் காட்டுகிறார்கள்.

வரவேற்பறையில் ஒரு பழைய டிவி இருக்கிறது. நான் உள்ளே வரும்போது என் பேத்தி அதன் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்றாள். போய் அணைக்கச் சொல்ல வேண்டும். வணக்கம்.