நட்பே என்று முடிகிற பாட்டு

நேயர்களுக்கு வணக்கம். குறுந்தொகையின் மூன்றாம் பாட்டை இன்றைக்கு எடுத்துக்கொள்ளலாம். பாடியவர் தேவகுலத்தார். நாலே அடிதான், முதலில் ஒரு தடவை காதால் கேட்டுவிடுங்கள்.

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரள வின்றே சாரல்
கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே

தோழி தலைவனைக் குறை சொல்கிறாள், அவனோ பக்கத்தில்தான் மறைவாக நிற்கிறான். தோழிக்குத் தலைவி சொல்லும் பதில் இது: மலைச்சாரலில் கரிய தண்டுடைய குறிஞ்சியின் பூவைக் கொண்டு தேனீக்கள் நிறையத் தேன் சேர்க்கும் நாட்டுக்காரனோடு நான் கொண்ட நட்பு நிலத்தைவிடப் பெரியது, வானைவிட உயர்ந்தது, கடலைவிட ஆழம் அளக்க முடியாதது. நிலத்தினும், வானினும், நீரினும் என்று குறை சொன்னவளுக்கு மூச்சுவிட இடம் தராமல் அடுக்குகிறாள். ஆனால் எது பெரியது, எது உயர்ந்தது என்று இன்னும் சொல்லவில்லை, கவனித்தீர்களா? எழுவாயே கடைசிச் சீரில்தான் வருகிறது.

சரி, ஓசைக்கு வருவோம். நி, நீ அடிமோனை. கரு, பெரு அடியெதுகை. இதைப் பள்ளிக்கூடத்திலேயே அடிக்கோடு போட்டு மதிப்பெண் வாங்கிவிடுகிறோம். எனக்கு அதைவிட இரண்டாம் அடிக்குள் நடப்பது பிடிக்கும். நீரினும், ஆரளவு, சாரல் என்று நெடிலுக்குப் பின் ரகரம் மூன்று முறை வருகிறது, வாய்விட்டுச் சொன்னால் குரல் தானாக நீளும், கடலின் ஆழத்தைப் பற்றிய பேச்சும் அங்கேதான் இருக்கிறது. அப்புறம் 'சாரல்' பொருளால் அடுத்த அடிக்கு உரிய சொல். அதனால் அடி முடிந்தும் நிற்க முடியாமல் மலைச்சரிவுக்குள் போய்விடுகிறோம்.

அங்கே ஒரு சீர் குறைகிறது. மற்ற அடிகளில் நாலு சீர், இதில் மூன்று. நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய அடி, முச்சீராக வரவேண்டும் என்பது இலக்கணம், எல்லோருக்கும் பொதுவானது. ஆனால் நிலம், வான், கடல் என்று விரிந்த பாட்டு ஒரு செடியின் கரிய தண்டுக்கும் பூவுக்கும் இறங்கும் இடம் சரியாக அந்தக் குட்டை அடியாக இருக்கிறதே, அதுதான் புலவரின் கைவண்ணம். அடுத்த அடியிலேயே 'பெருந்தேன்' என்று திரும்ப விரிகிறது. முதல் அடியின் 'பெரிதே' அதில் மறுபடி ஒலிக்கிறது, எதுகையோ கீழே இருக்கும் கருங்கோலையும் மேலே சேரும் தேனையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது.

ஏகாரத்தையும் பாருங்கள். பெரிதே, இன்றே, நட்பே. நடுவில் 'உயர்ந்தன்று' மட்டும் ஏகாரம் இல்லாமல் நிற்கிறது. அதுவும் அப்படியே முடிந்திருந்தால் அடுக்கு சலித்திருக்கும் என்பது என் எண்ணம். ஆசிரியப்பா ஏகாரத்தில் முடிவது வழக்கம்தான் என்றாலும், இங்கே அந்தக் கடைசி ஏகாரம் தோழியின் வாதத்துக்குத் தலைவி உறுதியாகக் கொடுக்கும் மறுப்பாகவே ஒலிக்கிறது.