அது வந்ததா, அவர் வந்தாரா?

(அறிவியல் புனைகதை மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வரவேற்புரை வழங்கிய செயலாளர் அவர்களே, எனக்கு முன் பேசி எல்லோரையும் கட்டிப்போட்ட பேராசிரியர் அம்மா அவர்களே, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் நூலகர் ஐயா அவர்களே, இளைய நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். தலைவர் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. விண்கலக் கதை என்றாலே சிறுபிள்ளை விளையாட்டு என்று பலரும் ஒதுக்கும்போது, அதற்கென்று ஒரு மாலையை இந்த மேடையில் ஒதுக்கித் தந்தவர் அவர். அந்த நன்றியோடு தொடங்குகிறேன்.

'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற அமெரிக்க விண்கலத் தொலைக்காட்சித் தொடர் மனிதர்களை ஏன் இப்படிப் பிடித்து வைத்திருக்கிறது என்று பேசப் பணித்திருக்கிறார்கள். மூன்று செய்திகளோடு வந்திருக்கிறேன். முதலாவது, அதன் பாத்திரங்கள். இரண்டாவது, வாரம் ஒரு கதை என்ற அதன் வடிவம். மூன்றாவது, அதன் இசை.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது பழமொழி. ஸ்டார் ட்ரெக்குக்கு அந்த முகம்தான் வாய்க்கவில்லை. 1966இல் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் வந்த முதல் தொடரில் பாறைகள் பாறைகளாகத் தெரியாது. வேற்றுக்கிரகம் என்றால் பின்திரைக்கு ஒரு வண்ண விளக்கு, அவ்வளவுதான். ஆனாலும் இரண்டாம் பருவத்தோடு அதை நிறுத்திவிடுவார்கள் என்ற பேச்சு எழுந்ததும் ரசிகர்கள் கடிதங்களை எழுதிக் குவித்தார்கள். மூன்றாம் பருவம் வந்தது. 79 அத்தியாயங்களோடு 1969இல் தொடர் முடிந்தது. விண்கலத்தின் வேகத்துக்காக யாரும் உட்கார்ந்து கடிதம் எழுதமாட்டார்கள். கப்பல் தலைவர் கிர்க்கும் அவருடைய தோழர்கள் ஸ்பாக்கும் மெக்காயும் ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொண்டும் விட்டுக்கொடுக்காமலும் இருந்தார்களே, அதற்காகத்தான் எழுதினார்கள்.

1987 முதல் 1994 வரை ஏழு பருவங்கள், 178 அத்தியாயங்கள் ஓடிய 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் டேட்டா என்று ஓர் இயந்திர மனிதர். நடித்தவர் பிரெண்ட் ஸ்பைனர். வெளிறிய தோல், மஞ்சள் கண்கள், உணர்ச்சி என்பதே இல்லாத முகம். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று நம்பிப் பழகிய நமக்கு, முகத்தில் எதுவும் தெரியாத ஒருவரைக் கொடுத்து, இப்போது அகத்தைத் தேடிப் பாருங்கள் என்கிறார்கள்.

இங்கே என் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. ஒரு மழை மாலையில் இந்தத் தொடரின் இரண்டாம் பருவத்தில், 1989இல் வந்த 'தி மெஷர் ஆஃப் எ மேன்' அத்தியாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை என் சட்டைக்குப் பொத்தான் தைத்தபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எனக்கும் சொல், என்ன நடக்கிறது?" என்றார். ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொல்லத் தொடங்கினேன்.

மேடாக்ஸ் என்ற விஞ்ஞானி டேட்டாவைக் கழற்றி ஆராய வேண்டும் என்கிறார். டேட்டா மறுத்துப் பதவி விலக முயல்கிறார். விலக முடியாது, டேட்டா விண்படையின் சொத்து என்று வழக்கு வருகிறது. "அது போகமாட்டேன் என்கிறது அத்தை" என்றேன். அத்தை ஊசியை நிறுத்தினார். "கூட வேலை செய்கிறவர்களுமா அது என்கிறார்கள்?" என்று கேட்டார். அப்போதுதான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். இல்லை. கப்பலில் இருப்பவர்கள் மனிதரைச் சொல்வதுபோலவே சொல்கிறார்கள். பொருளைச் சொல்வதுபோல அது என்று சொல்பவர் மேடாக்ஸ். நான்தான் சோம்பலில் எல்லோர் வாயிலும் 'அது'வைத் திணித்திருந்தேன். அந்த நொடியிலிருந்து, நண்பர்கள் பேசினால் 'அவர் வந்தார்', மேடாக்ஸ் பேசினால் 'அது வந்தது' என்று மாற்றிக்கொண்டேன்.

நீதிமன்றத்தில், டேட்டாவின் தோழரான ரைக்கரே அவருக்கு எதிராக வாதாட வேண்டிய கட்டாயம். மறுத்தால் விசாரணையே இல்லாமல் டேட்டாவுக்கு எதிராகத் தீர்ப்பு. ரைக்கர் டேட்டாவின் கையைக் கழற்றிக் காட்டுகிறார். பிறகு விசையை அணைக்கிறார். டேட்டா அப்படியே மேசைமீது சரிகிறார். அத்தை பேசவே இல்லை. அடுத்து, கப்பல் தலைவர் பிக்கார்ட், டேட்டா மூட்டை கட்டியபோது எடுத்து வைத்த பொருட்களை ஒவ்வொன்றாக வெளியே எடுக்கிறார். பதக்கங்கள். பிக்கார்ட் பரிசளித்த புத்தகம். இறந்துபோன தோழியின் சின்னஞ்சிறு ஒளியுருவம். பதக்கங்கள் எதற்கு என்றால், காரணம் தெரியவில்லை, வைத்துக்கொள்ளத் தோன்றியது என்கிறார் டேட்டா. "இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?" என்றார் அத்தை.

தன் வழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை டேட்டாவுக்கு உண்டு என்று தீர்ப்பு வருகிறது. தோற்றுப்போன மேடாக்ஸ், டேட்டாவைப் பார்த்து வியந்து, முதன்முறையாக மனிதரைச் சொல்வதுபோல ஒரு வார்த்தை சொல்கிறார். 'அவர் வியக்கத்தக்கவர்' என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அத்தை, "அவர் என்று சொல்லிவிட்டானா!" என்று பொத்தானோடு சட்டையைத் தூக்கிப் போட்டார். திரையில் நீதிபதியும் அதையேதான் கவனித்துச் சொல்கிறார். கவனியுங்கள் நண்பர்களே: அத்தையின் வாயில் இயந்திரம் 'அவர்' ஆகிவிட்டது, விஞ்ஞானி 'அவன்' ஆகிவிட்டான்.

நான் இங்கே வந்ததே இதைச் சொல்லத்தான். ஆங்கிலத்தில் 'டேட்டா' என்று பெயரை மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். வினைச்சொல் எதையும் காட்டிக்கொடுக்காது. தமிழில் வந்தது, வந்தான், வந்தார் என்று ஒவ்வொரு வினைமுற்றும் தீர்ப்புச் சொல்லிவிடும். உயர்திணையா அஃறிணையா என்று அந்த நீதிமன்றம் கேட்ட கேள்வியை நம் இலக்கணம் நாள்தோறும் கேட்டுக்கொண்டிருக்கிறது. அப்படியானால் இந்த அத்தியாயத்தைச் சுவைக்கத் தமிழைவிடப் பொருத்தமான மொழி எது? ஆனால் பார்ப்பவருக்குப் பக்கத்தில் ஒரு மருமகன் உட்கார்ந்து சொன்னால்தான் உண்டு என்பது நியாயமா?

திரையின் அடியில் நல்ல தமிழில் வசனவரிகள் வேண்டும். இரண்டே வரி இடம், சில நொடி நேரம். அதற்குள் யார் யாரை எப்படி அழைக்கிறார் என்பதை இழக்காமல் எழுத, கதை தெரிந்தவர் வேண்டும், இலக்கணம் தெரிந்தவர் வேண்டும். இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு அப்படியே ஒட்டுவதால் ஆகாது. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்றேன். மொழி தெரியாத பார்வையாளருக்கு அந்த இரண்டு வரிதான் கதையின் முகம். செவித்திறன் குறைந்தவர்களுக்கோ, எந்த மொழிக் கதையானாலும் அதுதான் முகம். பேராசிரியர் அம்மா அவர்களிடம் உரிமையோடு கேட்கிறேன்: உங்கள் மாணவர்களுக்கு ஒரு பயிற்சியாக இதைக் கொடுங்கள். நூலகர் ஐயா அவர்கள் மாதம் ஒருநாள் மேசையும் நாற்காலியும் தந்தால் போதும். தொடர்களை வெளியிடும் நிறுவனங்களுக்குத் தமிழ் வசனவரி வேண்டும் என்று கேட்டு நாம் எழுதுவோம். கடிதத்தால் ஒரு பருவத்தையே மீட்டவர்கள் ஸ்டார் ட்ரெக்கின் ரசிகர்கள்.

வடிவத்தையும் இசையையும் தொட நேரமில்லை, தலைவர் பொறுத்தருள வேண்டும். வாசலில் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். வசனவரி எழுத விருப்பம் உள்ளவர்கள் பெயர் எழுதுங்கள். பயிற்சியை இந்த அத்தியாயத்திலிருந்தே தொடங்கலாம். மேடாக்ஸின் அந்தக் கடைசி வசனத்தை யாருக்குக் கொடுப்பது என்று மட்டும் அத்தையைக் கேட்டு முடிவு செய்வேன். வணக்கம்.