ஆறு மாதம் வெளிநாடு கிளம்புகிறீர்களா? உங்கள் பேரில் யாரும் லோன் வாங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்

(திரையில்: பூட்டிய வீடு, வாசலில் பெட்டிகள்)

வணக்கம். அமெரிக்காவில் மகளுக்குப் பிரசவம், அம்மாவும் அப்பாவும் திருச்சி வீட்டைப் பூட்டிவிட்டு ஆறு மாதம் போய் இருக்கப் போகிறார்கள் என்று வையுங்கள். பருப்புப்பொடி, பிரசவ லேகியம் எல்லாம் பெட்டியில் ஏறியாயிற்று, கேஸை மூடியாயிற்று, பக்கத்து வீட்டில் சாவி கொடுத்தாயிற்று. அப்பாவின் சிம் கார்டு? "அங்கே போய் வேற நம்பர் வாங்கிக்கலாம்" என்று பழைய போனோடு பீரோவில் வைத்துவிட்டார். எனக்கு வயிற்றைக் கலக்குவது இந்த இடம்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ப்ரீபெய்டு சிம்மை 90 நாள் தொடவே இல்லை, பேலன்ஸும் 20 ரூபாய்க்குக் கீழே என்றால் இணைப்பைத் துண்டித்துவிடலாம். துண்டித்த நம்பரைக் குறைந்தது 90 நாள் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பார்கள், அப்புறம் அது புது ஆளுக்குப் போகலாம். 90-ம் 90-ம் 180, அதே ஆறு மாதம்! இவர்கள் மீனம்பாக்கத்தில் வந்து இறங்கும்போது பென்ஷன் கணக்கு, ஆதார், கிரெடிட் கார்டு என எல்லாவற்றின் ஓடிபி-யும் முன்பின் தெரியாத ஒருவர் கையில் இருக்கக்கூடும்.

அதனால் சிம் கூடவே வரட்டும். திரும்பி வரும்வரை தாங்குகிற மாதிரி ரீசார்ஜ் செய்து, இன்டர்நேஷனல் ரோமிங்கை இங்கேயே ஆன் செய்துவிட்டு, டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வையுங்கள். வங்கியில் இமெயில் அலர்ட்டும் கேட்டு வாங்குங்கள்.

(திரையில்: வங்கி ஆப்பில் கார்டு செட்டிங்)

அடுத்து கார்டு. இந்தியத் தளங்களில் ஓடிபி கேட்பார்கள் என்ற தைரியம் நமக்கு இருக்கிறது, ஆனால் வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் கார்டு நம்பர், காலாவதி தேதி, சிவிவி இருந்தாலே பணம் போய்விடும். 2020 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி ஆன்லைன், வெளிநாடு, டச் செய்து கட்டுவது என ஒவ்வொன்றையும் நாமே ஆன், ஆஃப் செய்யலாம், வரம்பும் வைக்கலாம். ஒரே ஒரு கார்டில் மட்டும் வெளிநாட்டை ஆன் செய்து குறைந்த வரம்பு வையுங்கள், வீட்டில் வைத்துவிட்டுப் போகும் கார்டில் எல்லாமே ஆஃப்.

சரி, லோன் விஷயத்துக்கு வருவோம். கார்டில் பணம் போனால் மெசேஜ் வரும், ஆனால் உங்கள் பான் கார்டு ஜெராக்ஸை வைத்து எங்கோ ஒருவன் லோன் வாங்கினால், நீங்களே ஒருநாள் வீட்டுக்கடன் கேட்டுப் போகும்வரை தெரியாமலே கிடக்கலாம். வங்கியோ கடன் நிறுவனமோ உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டை, அதாவது உங்கள் கடன் வரலாற்றை எடுத்துப் பார்த்தால், அதைத் தொகுத்து வைத்திருக்கும் கிரெடிட் தகவல் நிறுவனம் உங்களுக்கு எஸ்எம்எஸ் அல்லது இமெயில் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற அந்த நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். கிளம்பும் முன் ஒன்று, மூன்றாம் மாதம் இன்னொன்று, திரும்பியதும் ஒன்று என்று பிரித்து எடுங்கள். நீங்கள் வாங்காத கடன் இருந்தால் உடனே ரிப்போர்ட் தந்த நிறுவனத்திடமும் கடன் கொடுத்தவரிடமும் எழுத்தில் புகார் கொடுங்கள்.

ஆதாரில் பயோமெட்ரிக்கையும், அதாவது கைரேகை, கருவிழிப் பதிவையும் லாக் செய்துவிடுங்கள். கைரேகையை வைத்து ஓடிபி இல்லாமலே பணம் எடுக்கிற வழி இருக்கிறது, நீங்கள் டெக்சாஸில் இருக்கும்போது திருச்சியில் யாருக்கும் உங்கள் கைரேகை தேவைப்படாது.

ஒருவேளை பணம் போய்விட்டால்? வங்கி மீதும் உங்கள் மீதும் தப்பில்லாத திருட்டு என்றால், அலர்ட் வந்து மூன்று வேலை நாளுக்குள் சொன்னவருக்கு நஷ்டம் இல்லை என்பது 2017-இல் வந்த ரிசர்வ் வங்கி விதி. ஓடிபி-யை நாமே சொல்லிக் கொடுத்திருந்தால், புகார் செய்யும்வரை போனது நம் நஷ்டம்தான். இங்கே ஒரு சிக்கல், 1800 என்று தொடங்கும் இலவச எண்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து போகாது. +91 என்று தொடங்கும் எண்ணை வங்கியில் கேட்டு, அப்பா போனில் ஒன்று, அம்மா போனில் ஒன்று, மகள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒன்று என்று எழுதி வையுங்கள்.