அம்மாவின் முட்டிக்கு 48க்கு எத்தனை மார்க்?

வணக்கம் மக்களே. இன்றைக்குச் சமையலும் இல்லை, ஊர் சுற்றலும் இல்லை. கையில் இருக்கிற இந்த முட்டி வலிக் கேள்வித்தாளைப் பற்றித்தான் பேச்சு. கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன், தெரிகிறதா? டிக் எல்லாம் கோடு போட்டு அடித்துத் திருத்தியிருக்கிறது பாருங்கள். அடிக்கப்பட்டதெல்லாம் நான் போட்ட டிக். அடித்தது அம்மா.

அம்மாவுக்கு நாலைந்து வருடமாக முட்டி வலி. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஆர்த்தோ ஓபிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "ஜவ்வு தேய்ஞ்சிருக்கு, மூணாவது கிரேடு" என்றார். மாத்திரை எழுதினார். நாலு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். வெளியே மேல்படிப்பு படிக்கிற ஒரு இளம் டாக்டர், தன்னுடைய ஆய்வுக்கு என்று இரண்டு தாள்களை நீட்டினார். அம்மா கண்ணாடி கொண்டுவரவில்லை. சரி, நானே நிரப்பிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன்.

நடக்க முடிகிறதா, முடிகிறது. கடைக்குத் தனியாகப் போக முடிகிறதா, அதுவும் முடிகிறது. ராத்திரி படுக்கையில் வலி உண்டா? "ஒன்றிரண்டு இரவுகள் மட்டும்" என்று டிக் போட்டேன். எட்டிப் பார்த்த அம்மா, "எல்லா ராத்திரியும்னு போடு" என்றார். நான் விழித்தேன். "நீ போனைப் பார்த்துட்டு ஒரு மணிக்குத் தூங்குற. நான் மூணு மணிக்கு எழுந்து தைலம் தேய்க்கிறது உனக்கு எப்படித் தெரியும்?"

பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்த டாக்டர் புதுத் தாள் ஒன்று கொடுத்தார். இந்த முறை நான் வாசித்தேன், அம்மா பதில் சொன்னார். கெட்டுப்போன தாளை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன், அதுதான் இது. நான் போட்ட பதில்களைக் கூட்டினால் 31. அம்மா சொன்ன பதில்களுக்கு 19. ஒரே முட்டி, ஒரே வீடு, ஒரே நாள்!

இந்தத் தாளுக்குப் பெயர் ஆக்ஸ்ஃபோர்டு நீ ஸ்கோர். 1998இல் வந்தது. 12 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நாலு வரை, ஆகமொத்தம் 48. கடந்த நாலு வாரம் எப்படி இருந்தது என்று கேட்கும். 48 வாங்கினால் முட்டியில் தொந்தரவே இல்லை. பழைய கணக்கில் இது தலைகீழ்: 12 முதல் 60 வரை, ஏற ஏற மோசம். இணையத்தில் தேடுகிறவர்கள் எந்தக் கணக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள், நான் ஒரு நாள் முழுக்கக் குழம்பினேன்.

எக்ஸ்ரேதான் இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்கலாம். எக்ஸ்ரேயில் பூஜ்யம் முதல் நாலு வரை கிரேடு போடுகிற முறை 1957இலிருந்து இருக்கிறது. ஆனால் மூட்டு எவ்வளவு தேய்ந்திருக்கிறதோ அவ்வளவு வலிக்கும் என்று கணக்கு இல்லை. மூணாவது கிரேடோடு மாடி ஏறி இறங்குகிறவர்களும் உண்டு, ஒன்றாவது கிரேடில் முடங்கிப்போனவர்களும் உண்டு. நோயாளி எப்படி இருக்கிறார் என்று மார்க் போடுகிற வழக்கமும் பழையதுதான். 1948லேயே புற்றுநோயாளிகளுக்காக டேவிட் கார்னோஃப்ஸ்கி என்ற அமெரிக்க டாக்டர் 100க்கு மார்க் போடும் அளவுகோல் கொண்டுவந்தார். ஆனால் அதில் மார்க் போடுவது டாக்டர். பேனா நோயாளியின் கைக்கு வர இன்னும் பல வருடம் ஆனது. இங்கிலாந்தில் அரசு செலவில் முட்டி மாற்று அறுவை சிகிச்சை செய்தால், 2009இலிருந்து இதே 12 கேள்வியை ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு தடவை, ஆறு மாதம் கழித்து ஒரு தடவை கேட்கிறார்கள். தையல் நன்றாக ஆறியதா என்பது அவர்களுக்குப் போதவில்லை, படி இறங்க முடிகிறதா என்றும் தெரிய வேண்டியிருக்கிறது.

ஆனால் பாருங்கள், கேள்விகள் அந்த ஊர்க் கேள்விகள். "மேசையில் சாப்பிட்டு முடித்து நாற்காலியிலிருந்து எழும்போது எவ்வளவு வலி?" எங்கள் வீட்டில் நாற்காலியில் இருப்பது துவைத்த துணி. அம்மா சாப்பிடுவது தரையில், தேங்காய் துருவுவது தரையில், பூக்கட்டுவது தரையில். சம்மணம் போட முடிகிறதா என்று 12 கேள்வியில் ஒன்றுகூடக் கேட்கவில்லை. குந்தி உட்காருவதும் இல்லை. "முட்டி போட்டு எழ முடிகிறதா" என்று மட்டும் இருக்கிறது. அதை வாசித்ததும் அம்மா கேட்டார்: "முட்டி போட நான் என்ன வீட்டுப்பாடமா எழுதலை?"

இந்தச் சிக்கல் யாருக்கும் தோன்றாமல் இல்லை. 1990களில் உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் தரத்தை அளக்க ஒரு கேள்வித்தாள் தயாரித்தபோது, ஒரே ஊரில் உட்கார்ந்து எழுதவில்லை. உலகம் முழுக்க 15 மையங்களில் சேர்ந்து உருவாக்கினார்கள். அதில் நம் மெட்ராஸும் ஒன்று, தெரியுமா? முதலில் 100 கேள்வி, பிறகு 26ஆகச் சுருக்கினார்கள். வலி, தூக்கத்தோடு நிற்காமல் கையில் போதுமான பணம் இருக்கிறதா, போக்குவரத்து வசதி திருப்தியா என்று வரை கேட்பார்கள். பஸ் படியின் உயரம் முட்டி வலிக்காரர்களுக்குத்தான் தெரியும், அதனால் அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. தாம்பத்திய வாழ்க்கை திருப்தியா என்றும் ஒன்று உண்டு. அதை மகனோ மகளோ பக்கத்தில் நிற்க, ஓபி வராந்தாவில் கேட்டால் என்ன பதில் வரும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தாளில் ஒரு தெர்மாமீட்டர் மாதிரிப் படம் இருந்தது. ஈக்யூ-5டி என்று பெயர். நடமாட்டம், தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வது, அன்றாட வேலை, வலி, கவலை என்று ஐந்து கேள்வி. அப்புறம் "இன்றைக்கு உங்கள் உடல்நிலைக்கு 100க்கு எவ்வளவு கொடுப்பீர்கள்?" அம்மா கொஞ்சம் யோசித்தார். "அறுபது போடு. எழுபதுதான், ஆனா கண்ணு பட்டுடும்." இதை எந்த நாட்டுப் புள்ளியியல் நிபுணர் கண்டுபிடிப்பார், சொல்லுங்கள்!

சிரிப்பு ஒருபக்கம் இருக்கட்டும், எனக்கு எரிச்சலும் உண்டு. போன வாரம் மறுபடி போனோம். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லை, விடுங்கள். அந்த 19 டாக்டரின் மேசைக்கு வரவே இல்லை. தாள் ஆய்வுக்கட்டுரைக்குப் போய்விட்டது, ஃபைலில் எக்ஸ்ரே மட்டும்தான். ராத்திரி மூணு மணி வலியை நானே வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் டாக்டர் மாத்திரையை மாற்றி, பிசியோவுக்கும் எழுதிக் கொடுத்தார். சொன்னதும் கேட்டுக்கொண்டார், குறை சொல்ல முடியாது. ஆனால் அம்மா முதல் நாளே சொல்லி, தாளிலும் ஏறிய விஷயம் அது.

அதனால் இனிமேல் கணக்கு எங்கள் வீட்டிலேயே. மாதம் முதல் தேதி காபி குடித்ததும் நான் வாசிப்பேன், அம்மா சொல்வார். எண்ணை மட்டும் சமையலறைக் காலண்டரில் எழுதி, அடுத்த தடவை போட்டோ எடுத்து டாக்டரிடம் காட்டுவோம். ஒன்றிரண்டு மார்க் ஏறி இறங்கினால் கண்டுகொள்ள வேண்டாம், ஐந்துக்கு மேல் மாறினால்தான் கவனிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். "நான் பதில் சொல்லும்போது தலையாட்டாதே" என்று அம்மா எனக்கு ஒரு கட்டளையும் போட்டிருக்கிறார். நான் தலையாட்டினால் அம்மா உடனே "பரவாயில்லை" என்று சொல்லிவிடுகிறார். "பரவாயில்லை"க்கு இந்தத் தாளில் கட்டம் கிடையாது.

இதோ காலண்டர், வெளிச்சத்தில் காட்டுகிறேன். மேலே ஆஸ்பத்திரியில் சொன்ன 19. இந்த மாதம் ஒன்றாம் தேதி 21. அதற்குக் கீழே பென்சிலில் எழுதியிருப்பது அம்மாவின் கையெழுத்து, நேற்றுத்தான் பார்த்தேன்: "பூ கட்ட தரையில் உட்கார்ந்தேன். 10 நிமிஷம். சுவரைப் பிடித்து எழுந்தேன்."